தாலந்து ஞாயிறு

அடிவாரத்துச் சபையாருக்கு ஆண்டவர் பாட்டு, நடிப்பு என்று தாலந்துகளை அள்ளிக் கொட்டியிருந்தார். அவர்களும் அவற்றை ஒருவருக்கொருவர் காட்டிக் கைதட்டிக்கொண்டார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் புதிதாக வந்த போதகர், "நம் தாலந்துகளால் மலைமக்களுக்கு ஊழியம் செய்வோம்" என்று அறிவித்தார். சபையே குதூகலித்தது. மலையில் பரவியிருந்த சிரங்குக்கு மருந்து கொண்டுபோகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்கு குரல் பாட்டும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் நாடகமும் கொண்டுபோவதென்று முடிவானது.

சகுந்தலாவுக்குக் கிடைத்த ஊழியம், மேடைக்குக் காகிதப்பூ ஒட்டுவது. கல்யாணத்துக்கு முன்பு அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். மரக்கடை அருளாந்து அவளைக் கட்டிக்கொண்ட கையோடு, "ஊரார் ரத்தத்தை அலம்புற வேலை எம் பொண்டாட்டிக்கு வாணாம்" என்று நிறுத்திவிட்டார். அவளும் கீழ்ப்படிந்தாள். பிள்ளைகளை உலகத்துக்கு இழுத்து வந்த கைகள் வருஷக்கணக்கில் பூ ஒட்டின. பசையைத் தொடும்போதெல்லாம் தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றும். துப்பாமல் ஒட்டுவாள்.

அருளாந்துவின் லாரியில் எல்லோரும் ஜவ்வாது மலை ஏறினார்கள். புளியமரத்தடியில் மேடை. பாடகர்களுக்குத் தொண்டை கட்டாமலிருக்கப் பிளாஸ்க் பிளாஸ்க்காக வெந்நீர். பாட்டை மலைக்காரர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு நாடகம். சபைச் செயலர் கண்ணாயிரம்தான் சமாரியன். அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்து, குரல் தழுதழுக்க வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கம்பில் கட்டிய போர்வைத் தூளியை நாலு பேர் சுமந்து வந்தார்கள். போர்வையின் அடியிலிருந்து ரத்தம் சொட்டியது. முன்னால் வந்த சின்னராசு போதகரைக் கும்பிட்டான்.

"எம் பொஞ்சாதி முனியம்மாங்க. காலைல புள்ள பொறந்துட்ச்சு, நஞ்சுக்கொடி வுழல. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. லாரில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் வுடுங்க சாமி."

போதகர் பதறித்தான் போனார். ஆனால் மேடையிலிருந்து கண்ணாயிரம் ஒட்டுத்தாடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஐயா, இன்னும் ஒரே காட்சிதான்! அடிபட்டவன சத்திரத்துல சேத்துட்டா முடிஞ்சிது!"

போதகர் தூளியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "கொஞ்சம் ஓரமா வைங்கப்பா. முடிஞ்சதும் போயிடலாம்" என்றார்.

சகுந்தலா எழுந்தாள். அருளாந்து முந்தானையைப் பிடித்தார்.

"உனுக்கு இன்னாத்துக்கு? பட்டுப்பொடவை பாழாப் போவும். உக்காரு."

"போவட்டும். கைய வுடுங்க."

மேடைத் திரையை அறுத்தெடுத்துத் தூளியைச் சுற்றி மறைப்புக் கட்டினாள். பாடகர்களின் பிளாஸ்க்குகளைக் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். வெந்நீர் போச்சே என்று தலைமைப் பாடகர் முனகியது காதில் விழுந்தது. அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே விட்டாள். முனியம்மா அலறினாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதோ வந்துட்ச்சு" என்று சொல்லிக்கொண்டே விரல்களால் நஞ்சைப் பிரித்து வெளியே எடுத்தாள். ரத்தம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை.

"லாரிய எடுங்க!"

"பாட்டுக்காரங்க எப்படித் திரும்புறது?" என்றார் அருளாந்து.

"நடக்கச் சொல்லுங்க. காலும் ஆண்டவர் குடுத்ததுதான்."

லாரி திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை முனியம்மாவின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்த கையைச் சகுந்தலா எடுக்கவில்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சின்னராசு அழுதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். முனியம்மா பிழைத்தாள்.

சபையார் இருட்டும்வரை கல்லிலும் முள்ளிலும் நடந்து, கொப்புளம் கொண்ட பாதங்களோடு ஊர் சேர்ந்தார்கள். அடுத்த ஞாயிறு மலை ஊழியத்தின் வெற்றிக்காக ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். நடிப்புக்குக் கண்ணாயிரத்துக்குச் சால்வை. தாலந்தைப் பயன்படுத்துவதிலும் ஒழுங்கும் கிரமமும் வேண்டும் என்று பிரசங்கித்த போதகர், சகுந்தலா இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் அவளே எழுந்து நின்றாள். "வியாழக்கெழம மலைக்குப் போறேன். வாரா வாரம் போவேன். கூட வர்றவங்க வரலாம். பாட்டு வாணாம்."

அருளாந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் கத்தினார், பிறகு பேசாமல் இருந்தார், பிறகு பசித்ததும் பேசினார். அவள் போவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அந்த வியாழன், பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஒருத்திதான் வந்து நின்றாள். பாடகர் குழுவின் செல்லம்மா. மலையில் முதல் பிரசவத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். அடுத்ததில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்ததில், சகுந்தலா கேட்பதற்கு முன்பே கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.