மூலைக்கு ஒரு பொட்டு

என் காருக்கு இருபத்தாறு வயது, எனக்கு எழுபத்தொன்று. இருவரில் யார் அதிகம் ஒழுகுகிறோம் என்று கேட்காதீர்கள் கண்ணுங்களா. நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி நிர்வாகம் கடிதம் போட்டது காரைப் பற்றித்தான். அது நிற்கும் இடமெல்லாம் எண்ணெய்க் கறையாம்.

ரவாங்கில் இருக்கும் என் மகள் உஷாராணி கடிதத்தைப் படித்துவிட்டு, காரை விற்றுவிடலாம் என்றாள். விற்றால் சனிக்கிழமை என்ன ஆவது? கிள்ளானில் என் தோழி நல்லம்மாள் முழங்கால் வலியோடு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பாள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போக அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. வாய்விட்டுச் சிரிக்க எனக்கு அவளை விட்டால் ஆளில்லை. மகளிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினேன். காருக்கு அடியில் பழைய பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து, தினமும் காலையில் படம் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு சொட்டு இருந்தாலும் சாவி அவள் கைக்குப் போய்விடும்.

கார் பழுதுபார்க்கும் ஃபோர்மேனிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் கைப்பேசியில் மூன்று காணொளி பார்த்ததும் நானே ஃபோர்மேன் ஆகிவிட்டேன். எஞ்சினின் தலையில் ஒரு மூடி, மூடிக்கு அடியில் ஒரு ரப்பர். அந்த ரப்பர் இறுகிப்போனால் எண்ணெய் கசியும். அவ்வளவுதானே? ஐம்பது வருடமாகச் சம்படம் மூடுகிறவளுக்கு இது ஒரு வேலையா?

செந்தூலில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் திருமுருகன் புது ரப்பரும் ஒரு டியூப் பசையும் எடுத்துக் கொடுத்தார்.

"ரப்பர் உக்கார்ற எடத்துல ஒரு தூசி இருக்கக்கூடாது ஆன்டி. மூலையில மட்டும் பட்டாணி அளவு பசை. சுத்தமா இருந்தா ஒட்டும், இல்லாட்டி ஒழுகும். அவ்ளோதான் லா."

சுத்தத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஆரம்பித்தேன். மேலே இருந்த அழுக்கு உள்ளே விழாதபடி முதலில் துடைத்தேன். வயர்களை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், பழைய ரப்பர் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி ஒடிந்து ஒடிந்து வந்தது. ஒட்டியிருந்ததைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். கல்யாண வீட்டுப் பாத்திரம் போலப் பளபளத்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் புதிதாக எதை மூடினாலும் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் எனக்குக் கை ஓடாது. அலமாரி, பயணப்பெட்டி, மகள் வீட்டு வாஷிங் மெஷின், எதையும் விட்டதில்லை. மூடிக்கு மேலே வைத்தால் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும், உள்ளே வைத்தால் நிலைத்து நிற்கும் என்று யோசித்தேன். இப்படி யோசிக்கிற மூளை எல்லாருக்கும் வாய்க்காது. துடைத்த நான்கு மூலையிலும் பொட்டு வைத்தேன். அதன்மேலேயே பசையைப் பிதுக்கி மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி முறையாக இறுக்கினேன். பசை காய்ந்தபின் சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, நல்லம்மாளுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பெருமை பேசினேன்.

புதன்கிழமை காலை அட்டையில் ஐம்பது சென் நாணயம் அளவுக்கு ஒரு சொட்டு.

நான் நேர்மையானவள். அதனால் கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் அட்டையைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்தேன்.

உஷாராணி உடனே கூப்பிட்டாள்.

"ஏம்மா, நேத்து அட்டையில பிஸ்கட் படம் இருந்துச்சே. யாரு சாப்பிட்டா?"

வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடியும் மூடியைத் திறந்தேன். பின்பக்க மூலையில் பசை தோலாக உரிந்து வந்தது. அடியில் மஞ்சளாக என் சந்தனப் பொட்டு. அதில் அச்சு அசலாக என் விரல் ரேகை. போலீஸ்காரருக்கு வேலையே வைக்கவில்லை நான். பசை எஞ்சினில் ஒட்டாமல் சந்தனத்தில் ஒட்டியிருந்தது.

இன்னொரு ரப்பர் வாங்கப் போனேன். தோழியின் காருக்கு என்றேன். திருமுருகன் மஞ்சள் படிந்த என் விரலைப் பார்த்தார்.

"அந்த ஆன்டிய மொதல்ல கையத் தொடைக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அந்த ஆன்டியும் கேட்டுக்கொண்டாள். இந்த முறை நான்கு மூலையையும் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன். சந்தனக் கிண்ணத்தை மேலே வீட்டிலேயே பூட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உஷாராணி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். அட்டையில் பிஸ்கட் படம் மேலே இருந்தது. ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்து, பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தவள் முகம் மாறியது.

"பொட்டு எங்கம்மா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் சாவியை நீட்டினேன். அதன் தலையில் சின்னதாக ஒரு பொட்டு இருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தாள். நாளைக்குத் தானும் கிள்ளானுக்கு வருவதாகச் சொன்னாள்.

பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். முன்சீட் நல்லம்மாளுக்கு.