நாடு பார்க்கப் போனவர்

பெண் பார்க்கப் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வீடு பார்க்கப் போவதும் உண்டு. நம் லேத்காரர் நாடு பார்க்கப் போனார். வேறு வழி? அவர் இரும்பு கடைந்த பட்டறை பூட்டிக் கிடந்தது. இன்றைக்குத் திறப்பேன், நாளைக்குத் திறப்பேன் என்று முதலாளி மாதக்கணக்கில் காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்த தங்கையும் மாப்பிள்ளையும், "குடும்பத்தோட வந்துடுங்க, வேலைக்கு நாங்க பொறுப்பு" என்று போனில் நச்சரித்தார்கள்.

லேத்காரரின் மனைவி லேசில் மசிகிற ஆள் இல்லை.

"முதல்ல நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க. குளிரோ வெயிலோ, எதுவா இருந்தாலும் சமாளிச்சுக்கலாம். நாம மூணு பேரும் ஒண்ணா இருக்க முடியுமான்னு மட்டும் பாருங்க. முடியாதுன்னா அரை வயிறோ கால் வயிறோ, இங்கேயே கிடப்போம்."

நியாயமான பேச்சு. அவர்கள் மகள் வாயாடிக்கு ஏழு வயதாகியும், அப்பா மேல் ஒரு கால், அம்மா மேல் ஒரு கால் போட்டால்தான் தூக்கமே வரும்.

ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளை வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டைக் குறை சொல்ல முடியாது. குழாயைத் திறந்தால் வெந்நீர், ஏறி இறங்க லிஃப்ட், ஜன்னலுக்கு வெளியே கூட்டிப் பெருக்கின தெரு. லேத்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"தங்கச்சி எங்க மாப்ள?"

"டூட்டில இருக்கா மச்சான். காலையில பாக்கலாம்."

காலையில் தங்கையைப் பார்த்தது வீட்டில் இல்லை, பஸ் ஸ்டாப்பில். காய்கறி பேக் பண்ணுகிற கம்பெனியில் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கிடங்கு வேலைக்குப் போகும் மாப்பிள்ளை அதே பஸ்ஸில் ஏற வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் அவர்களுடைய ஐந்து வயது மகள், ஷூ மாட்டிக்கொண்டு, முதுகில் ஒரு பெரிய பையோடு நின்றாள்.

"இந்தா, பார்சல் வந்தாச்சு!" என்று மாப்பிள்ளை சிரித்தார். செல்லப் பெயராம்.

"ராத்திரி சாப்பிட்டாளா?"

"பாதிதான். இருமல் மருந்து பையில இருக்கு."

புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான். பஸ் கிளம்பிவிட்டது. அண்ணனைப் பார்த்த சந்தோஷத்தில் தங்கைக்குக் கண் கலங்கியது. துடைப்பதற்குள் பாவம், கொட்டாவி வந்துவிட்டது. குழந்தையை ஸ்கூலில் விட்டுவிட்டுத்தான் அவள் படுக்கப் போனாள். சாயங்காலம் அதே ஸ்டாப்பில் அம்மா கொடுக்க, அப்பா வாங்கிக்கொண்டார். குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அழுதிருந்தால்கூட லேத்காரருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை லீவு போட்டு அவரை ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார். அவர் கடைந்து காட்டியதைப் பார்த்த மேஸ்திரி, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரிக்கும் பேக்கிங்கில் இடம் உண்டாம். ஒரு சம்பளத்தில் அங்கே குடும்பம் நடத்த முடியாது, அது முன்பே தெரிந்த சங்கதி.

"அவளுக்கும் பகல் ஷிஃப்டே கிடைக்குமா மாப்ள?"

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா, ஸ்கூல் விட்டு வர்ற புள்ள எங்க நிக்கும் மச்சான்? ஆள் வச்சா ஒரு சம்பளம் அதுக்கே சரியாப் போயிடும். இங்க நம்மள மாதிரி எல்லாரும் இப்படித்தான். பழகிடும்."

பழகிடுமாம்! நாசமாய்ப் போகிற பழக்கம்.

அண்ணன் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் தங்கை கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினாள். மாப்பிள்ளைக்கும் விடுமுறை. மத்தியானம் எல்லோரும் தட்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். குழந்தை அறையிலிருந்து வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஷூவை மாட்டிக்கொண்டு, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு, வாசல் கதவருகே போய் நின்றாள்.

தங்கை முதலில் சிரித்தாள். "இன்னிக்கு யாரும் எங்கயும் போகலடி. வந்து உக்காரு."

குழந்தை நம்பவில்லை. பையை முதுகை விட்டு இறக்காமலே உட்கார்ந்து சாப்பிட்டாள். மாப்பிள்ளை தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

லேத்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நடைக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். வேண்டவே வேண்டாம், பட்டினி கிடந்தாலும் அங்கேயே கிடப்போம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"என்னங்க, முதலாளி பட்டறையையே வித்துட்டாரு. லேத்தையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டு, இன்னிக்கு லாரில ஏத்திட்டாங்க. ஓடிப் போய்ப் பாத்தேன். உங்க மெஷினும் போயிடுச்சுங்க." அவள் குரல் உடைந்தது. "இனி இங்க ஒண்ணும் இல்ல. அங்க எப்படி? மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்ல?"

அவர் விரலை யாரோ பிடித்தார்கள். குனிந்து பார்த்தார். ஷூவும் பையுமாகத் தங்கை மகள்.

"இன்னிக்கு நான் மாமா கூடவா?"

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." குழந்தையின் முதுகுப் பையையே பார்த்தார். "இருக்கலாம். வந்துடலாம். வாயாடிக்கு ஒரு பை மட்டும் வாங்கிடு."

"ஸ்கூல் பைதான் இருக்கே?"

"அது பத்தாது. மாத்துத் துணி, மருந்து எல்லாம் வைக்கணும். அவளே தூக்கிக்கிற மாதிரி பாத்து வாங்கு."

பின்னாலிருந்து வாயாடி கத்தியது கேட்டது. "ரோஸ் கலர்ல வேணும்ப்பா!"