தம்பி என்கிற மூன்று பேர்

"மாநிலத்துல ஒரே வருஷத்துல எட்டாயிரம் வேலை கூடியிருக்கு. எண்ணினது நான்டா! வாய்க்கு வந்ததைப் பேசாதே."

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறிவிடும். வேலை எங்கே இருக்கிறது என்று கேட்ட தம்பி அசரவில்லை.

புள்ளிவிவர அலுவலகத்தில் பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. நிறுவனங்கள் அனுப்பும் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் என்றால் ஒரு வேலை. கூட்டிப் போட்டு, ஏன் கூடியது என்று ஒரு பத்தியும் எழுத வேண்டும். அந்த வாரம் சட்டசபை விவாதத்துக்கு அதுதான் போகப்போகிறது. புதிய தொழில் கொள்கைதான் காரணம் என்று எழுதச் சொல்லியிருந்தார் மேலதிகாரி. நானும் மறுபேச்சில்லாமல் எழுதி வைத்திருந்தேன்.

தம்பி போன வருடம் வரை மோட்டார் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன். அதை மூடிய பிறகு, காலையில் பார்சல் பிரிக்கிறான், மதியம் மருத்துவமனையில் தரை துடைக்கிறான், சனி ஞாயிறு கடை வாசலில் காவல் நிற்கிறான்.

"அக்கா, உன் கணக்குல நான் எத்தனை பேரு?"

"மூணு."

"போன வருஷம்?"

"ஒண்ணு."

"பார்த்தியா! நான் ஒருத்தனே ரெண்டு வேலையைக் கூட்டியிருக்கேன். சட்டசபையில எனக்குக் கை தட்டச் சொல்லு."

நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்போதுதான் பையிலிருந்து, அவன் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அனுப்பிய கடிதத்தை எடுத்தான். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, முழுநேர வேலை என்று ஒரே முதலாளி எழுதித் தர வேண்டுமாம். மூன்று இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள்.

"ஒரு வேலை இருந்தப்போ வீடு இருந்துச்சு. இப்போ மூணு இருக்கு, வீடு இல்லை. பிள்ளையைக் கூட்டிட்டு இங்க வந்துடவா?" என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா? வா" என்றேன்.

மறுநாள் பட்டியல்களைப் பெயர்வாரியாக அடுக்கினேன். கூடிய வேலைகளில் பாதிக்குமேல் அந்தத் தொழிற்சாலை ஆட்களேதான், அதே பெயர்கள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. பத்தியைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன்.

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "காரணம், தொழிற்சாலை மூடப்பட்டது. என்னம்மா இது, கிண்டலா?"

"கணக்கு தப்புன்னா சொல்லுங்க சார், மாத்திடறேன்."

இரண்டு முறை சரிபார்த்தார். தப்பில்லை. என் பழைய பத்தியைக் கணினியில் தேடி எடுத்து, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

விவாதம் நடந்த அன்று தம்பி மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டில் இருந்தான். தொலைக்காட்சியில் அமைச்சர் எட்டாயிரம் என்றதும் உறுப்பினர்கள் கை தட்டி ஆர்ப்பரித்தார்கள். அவன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு அத்தை கை தட்டுறாங்க?" என்றாள் அவன் மகள்.

"மெதுவாப் பேசு. உங்க அப்பாவுக்குத்தான்" என்றேன்.