கழுவி ஊற்றிய மூன்று குழாய்கள்

1936 ஐப்பசி. கொல்லிமலையில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் சோதனை அறைக்கு நான் ஒருவன்தான். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம்.

மலையின் ஒரு பகுதியான பெரக்கரை நாட்டு விவசாயி சென்றாயனின் சளி மூன்று முறை சோதனைக்கு வந்தது. நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. கிளைவிட்ட இழைகள் தெரிந்தன; பஞ்சு நூல் என்று தள்ளிவிட்டேன். குழாய்க்குள் உருளைக்கிழங்குத் துண்டு வைத்து அதில் சளியைத் தடவினால், மூன்று முறையும் பச்சைப் பூஞ்சணம் படர்ந்தது. மழை மாதத்தில் என் செருப்பில்கூடப் பூஞ்சணம். கழுவி ஊற்றிவிட்டு, பதிவேட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

இருமலில் ரத்தம் வந்ததால் டாக்டர் அர்த்தனாரி காசம் என்றே முடிவு செய்தார். ஊரார் சென்றாயனைக் காட்டுக் கொட்டகையில் ஒதுக்கி வைத்தார்கள்.

நான்காவது சளியை அவன் மனைவி பாவாயி கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, உங்க கண்ணாடிக்கும் கண்ணு பூத்துப் போச்சுங்களா? எத்தன வாட்டி பாப்பீங்க?"

"கொட்டகையில எதுல படுக்கிறாருங்க?"

"சாமை வைக்கோலுதானுங்க. நனைஞ்சு பூசணம் புடிச்சுக் கெடக்குது. அங்க போனப்புறம் மூச்சே வாங்க முடியலீங்க."

கழுவி ஊற்றிய பச்சை நினைவுக்கு வந்தது. இந்த முறை சளி தடவாத துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் அது சுத்தமாக இருந்தது. சென்றாயனுடையது மட்டும் பச்சை.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு தடவை வந்தா காத்துல விழுந்ததுன்னும் சொல்லலாம், மருதாசலம். முன்னாடி மூணுலயும் வரலையே?"

வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கும். சென்றாயன் அந்த வைக்கோலிலேயே கிடப்பான்.

"மூணுலயும் வந்துச்சுங்க. நான்தான் கழுவி ஊத்தினேன். எழுதல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "இப்ப எழுது. அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு," என்றார்.

முடிவு கேட்க வந்த பாவாயி வெளியே நின்றிருந்தாள். காசம் இல்லை, நுரையீரலில் பூஞ்சணம், அயோடைடு மருந்து கொடுத்துப் பார்க்கலாம், இன்றே அவனை வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். அவள் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கோணும் சாமி. இத்தன நாளா ஏனுங்க தெரியல?"

"நோவு ஒளிஞ்சுகிட்டு இருந்துச்சுங்க," என்றேன்.

"பாழாப்போன நோவு," என்று அதைத் திட்டிக்கொண்டே ஓடினாள்.