வேலிகாத்தான் விறகு

டிராக்டர் டிரெய்லரின் கொக்கியைக் கண்ணம்மாள் தட்டிவிட்டதும் பாதி விறகு தெருவில் சரிந்தது. மீதியை அவளே மேலே ஏறி இழுத்துத் தள்ளினாள். முள் உள்ளங்கையைக் கிழித்தது. ஒரு கட்டை மேளக்காரர்களின் காலருகே போய் விழ, மேளம் நின்றது.

"எவன்டா கொண்டாரச் சொன்னது? என் தம்பி மண்டி விறகுல என் புருசனை எரிப்பீங்களா? வெக்கமா இல்ல?"

மண்டி டிராக்டரின் டிரைவர் காசிநாதன் இறங்கி ஓரமாக நின்றான். அவன் மேல் தப்பில்லை. அந்த ஊரில் யார் செத்தாலும் பெருமாளின் விறகு மண்டிக்குத்தான் போன் போகும். சாவு வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்த மதியழகன், செத்தவரின் சித்தப்பா மகன், பழக்கத்தில் அதே நம்பருக்குப் போட்டுவிட்டான். கொன்றவன் மண்டியிலேயே கட்டைக்குச் சொல்லிவிட்ட புத்திசாலி.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் சம்பத் கிடந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, தலையோடு சேர்த்துத் துணியைச் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.

ஆற்றோரத்து நிலம் கண்ணம்மாளுக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்தது. சம்பத் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்குப் போன காலமெல்லாம் அது சும்மா கிடந்தது. சும்மா கிடந்தால் விடுமா சீமைக்கருவேலம்? இந்தப் பக்கத்தில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். பாலாற்றை மூடி முடித்த கையோடு நிலத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. பெருமாள் அதை வெட்டி விறகாக விற்றான், மிச்சத்தில் கரிமூட்டம் போட்டான். வெட்ட வெட்டத் துளிர்க்கும். துளிர்த்தால் திரும்ப வெட்டலாம்.

ரிட்டயரான சம்பத் கடப்பாரையோடு இறங்கியதுதான் வினை. முள்ளுக்கு நடுவில் மூச்சுத் திணறிக் கிடந்த இலுப்பைகளையும் நொச்சியையும் ஆவாரையையும் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைச் சுற்றியிருந்த வேலிகாத்தானை வேரோடு எடுத்தார். வேர் போனால் பெருமாளுக்கு அடுத்த வெட்டு இல்லை. சண்டையே அதில்தான்.

நேற்றுக் காலையில் கண்ணம்மாள் கூழ் கொண்டு போனபோது சம்பத் இடுப்பளவுக் குழிக்குள் நின்று ஒரு வேலிகாத்தான் தூரைப் பறித்துக்கொண்டிருந்தார். பெருமாள் மேட்டில் நின்றான்.

"மரத்தை எட்த்துக்கோ மாமா, வேணான்னு சொல்லல. வேரை வுட்டுடு. நாங்க இன்னா மண்ணையா துன்றது?"

"வேரை வுட்டா இந்த இலுப்பை செத்துடும் மச்சான்."

"உனுக்கு மரம்தான் பெருசு. மன்சன் பெருசில்ல."

சம்பத் குனிந்து மண்ணை அள்ளினார். மேட்டில் கிடந்த கடப்பாரையைத் தம்பி எடுத்ததைக் கண்ணம்மாள் பார்த்தாள். அவள் கத்துவதற்குள் அது இறங்கிவிட்டது. மறுபடியும் இறங்கியது. பாய்ந்து போய் அவன் தோளைக் கடித்தாள். சதை வாயோடு வந்தது. அவளை உதறிவிட்டு ஓடியவன், மத்தியானம் தானாகவே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டான். இடுப்பில் தூக்கிச் சோறூட்டிய தம்பி. ஒரே நாளில் அவளுக்கு இரண்டு பேர் போனார்கள்.

"அண்ணி, ஒடம்பு தாங்காது, இருட்றதுக்குள்ள எடுக்கணும்" என்றான் மதியழகன். "டவுன்ல கேஸ்ல எரிக்கிற மிஷினு ரிப்பேராம். இந்த வெறகு வேணாம்னா ஒண்ணு பண்லாம். நெலத்துல இலுப்பை நல்லா பெருத்து நிக்குது. ஒண்ணு சாய்ச்சா போதும். அண்ணன் காப்பாத்துன மரம், அவுருக்கே..."

அவன் முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. கண்ணம்மாளின் கை ரத்தம் அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை மகள் சௌமியா பிடித்தாள். ஷூ கம்பெனியில் இருந்து நேற்று ஓடி வந்தவள், இன்னும் அதே உடுப்பில் இருந்தாள்.

"அம்மா, வுடும்மா. இதைத்தான அப்பா ஒழிக்கணும்னு கெடந்தாரு. இதுவே எரியட்டும்."

கண்ணம்மாள் தெருவில் இறைந்து கிடந்த கட்டைகளைப் பார்த்தாள். பிறகு மதியழகனைப் பார்த்தாள்.

"ஏத்துங்க. மண்டியில மிச்சம் கீறதையும் கொண்டாங்க. ஒரு சுள்ளிகூட திரும்பிப் போவக் கூடாது."

பாடை தெருமுனையைத் தாண்டியது. பெண்கள் அங்கேயே நின்று மாரடித்து அழுதுவிட்டுத் தலை முழுகத் திரும்பினார்கள். கண்ணம்மாள் திரும்பவில்லை. சுடுகாட்டில் விறகை இறக்கிவிட்டு வந்த டிராக்டரைக் கை நீட்டி மறித்து ஏறிக்கொண்டாள்.

"எங்கம்மா போவணும்?"

"நெலத்துக்கு. செயின் வச்சிருக்கியா?"

காசிநாதன் தலையாட்டினான்.

குழியைச் சுற்றிப் போலீஸ் கட்டியிருந்த நாடாவை அறுத்தெறிந்தாள். உள்ளே ஈ மொய்த்தது. சம்பத் பாதி பறித்த தூர் அப்படியே நின்றது. அதன் கழுத்தில் சங்கிலியைச் சுற்றி இறுக்கினாள்.

"இழு."

டிராக்டர் உறுமியது. முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. சங்கிலி விறைத்தது. மண்ணுக்கடியில் வேர்கள் படபடவென்று அறுந்தன.

"இன்னும் இழுடா!"

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லா வெறியும் அந்தத் தூரின் மேல்தான் இருந்தது. அது போதவில்லை. தம்பியையே சங்கிலியில் கட்டி இழுக்க வேண்டும் போலிருந்தது. தூர் ஒருமுறை குலுங்கி, ஆள் நீளத்து ஆணிவேரோடு மேலே வந்து புரண்டது. கையில் அகப்பட்ட கல்லால் அதை அடித்தாள். பட்டை தெறித்தது. கை ஓயும்வரை அடித்தாள்.

சுடுகாட்டுப் பக்கம் புகை எழுந்தது. காசிநாதனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"உங்க தம்பி வூட்டுல இருந்தும்மா. வண்டியைக் கேப்பாங்க."

"எடுக்காத."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கண்ணம்மாள் குழிக்குள் இறங்கினாள். தூர் பிய்ந்த இடத்தில் பக்கத்து இலுப்பையின் வேர்கள் வெளியே தெரிந்தன. குழி ஓரத்தில் நேற்றிலிருந்து ரத்தம் உறைந்து கறுத்துக் கிடந்த மண்ணை முதலில் அள்ளி அவற்றின் மேல் போட்டாள். வேர் மறைந்ததும் காலால் மிதித்து அமுக்கினாள்.