எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

மனித குலம் இதுவரை பெற்ற அறிவுச் செல்வங்களில் தலையாயது, ஒருவனுடைய செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்து அவன் சித்தப்பா எப்படிச் செத்தார் என்று சொல்வது. பல் டாக்டர் அப்படித்தான் நம்பினார். பனிமூட்டமும் குதிரை வண்டியும் கேஸ் விளக்குமாக, விக்டோரியா மகாராணி காலத்துத் துப்பறியும் கதைகளை அட்டை கிழியக் கிழியப் படித்தவர். கிளினிக்கின் காத்திருப்பு அறையிலும் அவைதான் கிடந்தன. வலியோடு வந்தவர்கள் புரட்டத் தொடங்கி, கொலைகாரன் யாரென்று தெரிவதற்குள் கூப்பிடப்பட்டு, இரண்டு வலிகளோடு உள்ளே போனார்கள்.

அவருடைய மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட லிஃப்ட் மெக்கானிக் இன்று பேச வந்திருந்தான். டாக்டர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் மகள் அப்பாவை மீறமாட்டாள். அதை அழுதுகொண்டே சொன்னவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பாடமும் எடுத்திருந்தாள்.

"அப்பா என்ன சொன்னாலும் மறுக்காத. 'எப்படி சார் கண்டுபிடிச்சீங்க'ன்னு வாயைப் பொளந்துட்டுக் கேளு, போதும். எங்கம்மா இத்தனை வருஷமா அப்படித்தான் குடும்பம் நடத்துறாங்க."

அந்தக் கதைகளுக்கு ஏன் இன்னும் சாவே வரவில்லை என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் விளங்கியது. அவற்றில் யாருமே "தப்பு சார்" என்று சொல்வதில்லை.

டாக்டர் விரல்களைக் கோத்துக்கொண்டு கண்களைப் பாதி மூடினார். "உனக்கு மிஷின் வேலை. நகத்துல கிரீஸ்."

காலையில் மகளே அவரிடம் சொல்லியிருந்த விஷயம் அது.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"நாய் வளக்குற. பேண்ட்ல முடி."

அவன் முடிவெட்டும் கடையிலிருந்து நேராக வந்திருந்தான். நாயைக் கண்டால் தெருவையே மாற்றிக்கொள்கிறவன். "ரெண்டு சார்," என்றான் தாராளமாக.

"உனக்கு ஒரு அண்ணன். சின்ன வயசுல வீட்டைவிட்டு ஓடிட்டான். இல்லன்னு சொல்லிடாத."

வீட்டுக்கு ஒரே பிள்ளை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "அம்மா இன்னும் அழுறாங்க சார்."

கதவோரம் நின்ற டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாம் சரி. ஆனா பல்லைப் பாக்காம பொண்ணு குடுக்கமாட்டேன். ஏறு நாற்காலியில."

மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. ஏறிப் படுத்தான். டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை நுழைத்து, கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறையைத் தட்டிப் பார்த்தார். முகம் கோணியது.

"எவன்டா இதை மாட்டினது? ஓரம் பொருந்தவே இல்ல! அவசரக் குடுக்கை. கை ஒரு பக்கம், கவனம் ஒரு பக்கம். பக்கத்துலயே ஏதோ கதைப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பாத்திருக்கான் மடையன். பேஷண்ட் மூஞ்சியக்கூடப் பாத்திருக்கமாட்டான். சரியா?"

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" இந்த முறை அவன் நடிக்கவில்லை.

"அதெல்லாம் ஒரு பார்வை தம்பி. பொண்ணைத் தர்றேன். ஆனா ஒரு சத்தியம் பண்ணு. அந்த ஆள்கிட்ட மறுபடி வாயைத் திறந்து காட்டக்கூடாது."

"மாட்டேன் மாமா."

அந்த உறையைப் போன வருஷம் மாட்டியவர் டாக்டர்தான்.