பருத்திக்காட்டு ராசாமணிக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு தகரப் பலகையிலிருந்து வந்தது. கொல்லிமலைமேல் உள்ள சோளக்காடு ஊரிலிருந்து இறங்கிய பஸ் அடிவாரத்துக் காரவள்ளியில் நின்றபோது ஜன்னல் வழியே படித்தேன்: ‘ஆடி, ஆவணியில் பருத்திக்காட்டை ஒட்டிக் களைக்கொல்லி அடிக்கக் கூடாது. இப்படிக்கு, ஊர்ப்பொது.’ 2001ஆம் வருடம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

கொல்லிமலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு—

(வேண்டாம். மலையை வைத்துத் தொடங்கினால் ராசாமணி சின்னதாகிவிடுகிறாள்.)

ஆடியில் ராசாமணியின் பருத்தி இலையெல்லாம் தவளைக்கால் மாதிரி ஒடுங்கிச் சுருண்டுகொண்டது. களைக்கொல்லி பட்டால்தான் அப்படி ஆகும். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி ஜீவானந்தத்தின் கரும்பு. காற்றும் அங்கிருந்துதான் வீசியது. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஊர்க்கூட்டத்தில் ஜீவானந்தம், "ஆனியில அடிச்சதோட சரிங்க. ஆடி பொறந்து மருந்தடிக்கிற டேங்கையே தொடலீங்க" என்றான். மாரியம்மன் கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியமும் செய்தான்.

"சூடத்தை அணைச்சா எம்பட பருத்தி நிமிருமா?" என்றாள் ராசாமணி.

3

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் நின்று செய்கிற இணைச்சீர் முடிந்துதான் அந்தப் பக்கத்தில் தாலி. இவனுக்கு ஒரே அக்கா. தாய் செத்த பிறகு குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவளும் அவள்தான்.

அவன் அக்கா வாசலில் வந்து நின்று சீருக்குக் கூப்பிட்டான். "காட்டைக் கருக்கினவனுக்கு நான் சீர் செய்யறதில்லீங்க" என்று பக்கத்து ஊட்டுக்காரரிடம் சொல்வதுபோல அவன் காதில் விழச் சொன்னாள்.

(இந்த இடத்தில் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதே வார்த்தைதான் வந்தது.)

பெரியப்பன் மகள் நின்று சீரைச் செய்தாள். மேளச் சத்தம் பருத்திக்காடு வரை கேட்டது. ராசாமணி அன்றைக்கும் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

4

கல்யாணம் முடிந்த வாரம் வேளாண்மை ஆபீஸிலிருந்து ஸ்டெல்லா வந்தார். காட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார்.

"காத்துல வந்திருந்தா வரப்போரம்தானே அதிகமாயிருக்கும்? இது காடு பூரா ஒரே மாதிரி இருக்கேம்மா. பூச்சி மருந்து எந்த டேங்குல அடிச்சீங்க?"

ராசாமணி வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தம்பியின் டேங்க். அவன் இல்லாதபோது எடுத்துவந்து, ஒரு குடம் தண்ணீர் விட்டு அலசி, பருத்தி முழுக்க அவளே அடித்திருந்தாள். அதற்கு முன் ஆனியில் அவன் களைக்கொல்லி அடித்ததும் அதே டேங்கில்தான்; ஒரு அலசலில் அது போகாது. ஊர் பலகை வைத்துக் காற்றுக்கு விதி போட்டது. டேங்கை யாரும் நினைக்கவில்லை.

(ஸ்டெல்லாவைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பிப் பார்த்தேன். சீர் நடந்தது, பந்தி நடந்தது, கதை அங்கேயே படுத்துக்கொண்டது. ஒரு கதைக்காக ஒருத்தியின் சீரைப் பறித்தவன் நான். அது மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.)

5

அவள் வெளியே சொல்லாமலே இருந்துவிடுகிறாள். ஊர் கடைசிவரை அவனையே சந்தேகப்படுகிறது. (நடக்கக்கூடியது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.)

அவள் காலில் விழப்போக, அவன் தூக்கி நிறுத்தி— (இல்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நன்றாகக் கழுவிய டேங்கைத் தூக்கிக்கொண்டு அவள் தம்பி வாசலில் நிற்கிறாள். புதுப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள். ஜீவானந்தம் டேங்கைப் பார்க்கிறான், பிறகு அக்கா முகத்தைப் பார்க்கிறான்.

"வாங்கக்கா" என்கிறான்.

"கண்ணு..." என்று ஆரம்பிக்கிறாள்.

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. மிச்ச வாக்கியத்தை நீங்கள்தான் அவளுக்குக் கொடுக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும், அது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவனிடம் போய்ச் சேரும்.